சென்னைக்குத் தபால் கொண்டுவந்த விட்டில்

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலைப் பக்கம் வந்தால் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய கட்டடம் எழுந்து நிற்கும். அதுவே சென்னைப் பொதுத் தபால் நிலையம். சிஸ்ஹோம் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி எழுந்து 1884ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இராயபுரத்துப் பெண்களாகிய நமக்கு அது அடுத்த வீடு மாதிரி. எதிரே துறைமுகம், கப்பல்கள், கிரேன்கள், கண்டெய்னர் லாரிகள். "வெளிநாட்டுத் தபால் எல்லாம் ஒரு காலத்தில் கப்பலில் வந்து எதிரே உள்ள துறைமுகத்தில் இறங்கி, சாலையைக் கடந்து இந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கும்" என்றுதான் எங்கள் வகுப்பில் பலரும் நினைத்திருந்தோம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தந்தையரும் அப்படித்தான் சொன்னார்கள்.

உண்மை வேறு விதமாக இருக்கிறது. லண்டனிலிருந்து வரும் கடிதம் தபால் கப்பலில் பம்பாய்க்குத்தான் வந்தது. அதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பின்பு அங்கிருந்து ரயிலில் சென்னைக்கு வரவேண்டும். 1929 மார்ச் 30ஆம் தேதி இம்பீரியல் ஏர்வேஸ் என்ற ஆங்கில நிறுவனம் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானத் தபாலைத் தொடங்கியது. விமானம், நடுவில் கொஞ்ச தூரம் ரயில், பிறகு கடல் விமானம், மறுபடி விமானம் என்று மாறி மாறி வந்தாலும் ஏழே நாளில் கடிதம் கராச்சியை அடைந்தது. ஆனால் கராச்சியோடு வானவழி முடிந்துவிட்டது! சென்னைக்கு வரவேண்டிய கடிதம் அங்கே ரயிலேறி, வண்டி மாறி, பாலைவனமும் தக்காண பீடபூமியும் கடந்து பல நாள் கழித்துத்தான் நம்மிடம் வரும். வானத்தில் சேமித்த நேரத்தில் பெரும் பகுதி தரையில் செலவாயிற்று.

இந்தக் குறையைப் போக்கியது ஒரே ஒரு இயந்திரம் பொருத்திய சின்னஞ்சிறு தனியார் விமானம். அதன் வரலாற்றையும் திறனையும் பற்றியே இங்கே எழுத முற்படுகிறோம்.

நெவில் வின்சென்ட் என்பவர் ஆங்கில விமானப் படையில் பணியாற்றிய விமானி. 1929ல் நண்பர் ஒருவரோடு இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகப் போய் மக்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றிக் காட்டினார். அப்படிச் சுற்றியபோதே கராச்சியிலிருந்து தெற்கே தபால் கொண்டுபோக ஒரு விமானப் பாதை வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜே.ஆர்.டி. டாட்டா. இவர் 1929 பிப்ரவரி 10ஆம் தேதி விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் அதற்கு எண் 1. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு! டாட்டா நிறுவனம் இரண்டு லட்ச ரூபாய் முதல் போட்டது. அரசாங்கத்திடம் மானியம் கேட்டும் கிடைக்கவில்லை. சுமந்து வரும் தபாலின் எடைக்கு ஏற்ற கட்டணம் மட்டும் தருவதாக 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆயிற்று. அதாவது பை காலியாக வந்தால் வருமானமும் காலி.

வாங்கப்பட்ட விமானங்கள் இரண்டு. இரண்டும் 'புஸ் மாத்' என்ற வகை. பெயரைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். இங்கிலாந்தில் இவற்றைக் கட்டிய ஜெப்ரி டி ஹாவிலண்ட் விட்டில் பூச்சிகளைச் சேர்த்து ஆராய்வதில் பெரும் ஆசை கொண்டவர். ஆகவே தம் சிறிய விமானங்களுக்கெல்லாம் விட்டில்களின் பெயரையே வைத்தார். ஜிப்சி மாத், டைகர் மாத், லெபர்ட் மாத் எல்லாம் அந்தக் குடும்பமே. புஸ் மாத் விட்டிலுக்கு உடம்பெல்லாம் பூனைக்குட்டி போல மெல்லிய ரோமம் இருக்குமாம். அதனால் அந்தப் பெயர்.

இந்தக் குடும்பத்தின் முன்னோனாகிய ஜிப்சி மாத்தில் விமானி திறந்த வெளியில் உட்கார வேண்டும். காற்றும் மழையும் முகத்தில் அறையும். தோல் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் முடியாது. இரண்டு அடுக்கு இறக்கை வேறு. புஸ் மாத்தோ மூடிய அறை கொண்டது. இறக்கை ஒரே அடுக்கு, அதுவும் தலைக்கு மேலே. எஃகுக் குழாய்களால் கூடு செய்து அதன்மேல் துணி போர்த்தியிருப்பார்கள். ஆம், துணிதான்! மேலே பூச்சு பூசி விறைப்பாக்கிய துணி. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 36 அடி 9 அங்குலம். மூக்கிலிருந்து வால்வரை 25 அடி. இறக்கைகளைப் பின்னால் மடித்துக் கொட்டகைக்குள் நிறுத்தலாம். விமானி முன்னால் உட்கார, பின்னால் உள்ளவர் சற்று விலகினாற்போல உட்கார்ந்து விமானியின் பக்கவாட்டில் கால் நீட்டிக்கொள்வார். நெருக்கினால் மூவர்.

இன்னொன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. சக்கரத்தைத் தாங்கும் கால்களைச் சுற்றித் தட்டையான உறை ஒன்று உண்டு. பறக்கும்போது அது காற்றைக் கிழித்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும். இறங்கும் நேரத்தில் விமானி ஒரு பிடியைத் திருப்பினால் உறை குறுக்கே திரும்பிக் காற்றைத் தடுக்கும், வேகம் குறையும். பாய்மரத்தைத் திருப்பிக் காற்றை வாங்குவதும் விடுவதும் காசிமேட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த வித்தை. அதையேதான் இதில் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஜிப்சி 3 என்பது அதன் பெயர். வரிசையாக நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது, 120 குதிரைத் திறன். வேடிக்கை என்னவென்றால் இது தலைகீழாகத் தொங்கும் இயந்திரம். சாதாரணமாகக் கிராங்க் ஷாப்ட் கீழேயும் சிலிண்டர்கள் மேலேயும் இருக்கும் அல்லவா? இதில் கிராங்க் ஷாப்ட் மேலே, சிலிண்டர்கள் கீழே. அதனால் விமானத்தின் மூக்கு தாழ்ந்து, விமானிக்கு முன்பக்கம் மறைக்காமல் தெரியும். காற்றாடியும் உயரத்தில் அமைவதால் தரையில் இடிக்காது. இந்த வசதிக்கு விலையும் உண்டு. நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்பார்க் பிளக் நனைந்து அழுக்கேறும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது விமானிக்கும் மெக்கானிக்குக்கும் பல் துலக்குவது போன்ற அன்றாட வேலை.

திருவொற்றியூர்த் தோழியருக்கு இயந்திரம் புதிதல்ல. 1950களில் அங்கே தொடங்கிய என்பீல்டு தொழிற்சாலையின் புல்லட் மோட்டார் சைக்கிள் ஊரறிந்தது. பழைய 350 புல்லட்டில் ஒரே சிலிண்டர்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர்; திறன் சுமார் 18 குதிரை. ஜிப்சி 3ன் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஏறக்குறைய 5,700 கன சென்டிமீட்டர். அதாவது பதினாறு புல்லட்டுகளுக்கு மேல்! அப்படியானால் பதினாறு மடங்கு திறன் வரவேண்டுமே? வருவது ஏழு மடங்குக்கும் குறைவு. "விமான இயந்திரம் இவ்வளவு சோம்பேறியா?" என்று முதலில் நாங்கள் நினைத்தோம்.

காரணம் காற்றாடியில் இருக்கிறது. புல்லட் தன் முழுத் திறனைத் தரும்போது நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. பல்சக்கரமும் சங்கிலியும் அந்தச் சுழற்சியைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. ஜிப்சியில் பல்சக்கரம் கிடையாது. கிராங்க் ஷாப்டின் முனையிலேயே காற்றாடி. காற்றாடியின் விட்டம் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு சுற்றில் அதன் நுனி 6.28 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 2,200 சுற்று என்றால் நுனியின் வேகம் வினாடிக்கு 230 மீட்டர். அதே காற்றாடியைப் புல்லட் வேகத்தில், அதாவது 5,500 சுற்றில் சுழற்றினால் வினாடிக்கு 575 மீட்டருக்கு மேல் போகும். ஒலியின் வேகமோ வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். நுனி ஒலியை மிஞ்சினால் காற்று அதிர்ந்து காது செவிடாகும் சத்தம் எழுமே தவிர, விமானத்தை இழுக்கும் சக்தி குறைந்துவிடும். ஆகவே பெரிய சிலிண்டர், மெதுவான சுழற்சி என்பதே அக்கால முடிவு. மெதுவாக ஓடும் இயந்திரம் நெடுநேரம் சளைக்காமலும் ஓடும். தபாலுக்கு வேண்டியதும் அதுதானே.

அதிகபட்ச வேகம் மணிக்கு 128 மைல், அதாவது 206 கிலோமீட்டர். ஆனால் யாரும் அந்த வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டமாட்டார்கள். இயந்திரத்தை வருத்தாமல் போகும் வேகம் மணிக்கு நூறு மைலை ஒட்டியது.

எவ்வளவு சுமக்கும்? இதுவும் சுவையான கணக்கு. காலி விமானத்தின் எடை 1,265 பவுண்டு. எல்லாம் ஏற்றிய பிறகு 2,050 பவுண்டைத் தாண்டக்கூடாது. மீதி 785 பவுண்டு, அதாவது 356 கிலோ. இதற்குள்தான் விமானி, பெட்ரோல், எண்ணெய், பயணி, தபால் எல்லாம் அடங்க வேண்டும். விமானி 70 கிலோ. பெட்ரோல் 150 லிட்டர் என்று கொண்டால் அது சுமார் 108 கிலோ. மிஞ்சுவது 178 கிலோ. ஒரு பயணியையும் பெட்டியையும் ஏற்றினால் தபாலுக்கு நூறு கிலோ கூடக் கிடைக்காது. இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்று பெட்ரோலைக் கூட்டினால் தபாலைக் குறைக்க வேண்டும். தூரமும் சுமையும் ஒன்றையொன்று தின்னும். சிறிய விமானத்தை வைத்துத் தொழில் செய்கிறவர் இந்தச் சண்டையைத் தினமும் தீர்த்தாக வேண்டும்.

1932 அக்டோபர் 15 வந்தது. காலை 6.35க்கு கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா தனியாகப் புறப்பட்டார். விமானத்தின் பதிவெழுத்து விடி-ஏடிஎன். இன்றும் இந்திய விமானங்களின் வாலருகே பார்த்தால் 'விடி' என்ற அதே இரண்டு எழுத்துகள் இருக்கும். ஏற்றியிருந்த தபால் 55 பவுண்டு. அதாவது 25 கிலோ; நம் வீட்டுக்கு மளிகைக் கடையிலிருந்து வரும் ஓர் அரிசிச் சிப்பம்! அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. ஊற்றி நிரப்பிக்கொண்டு மறுபடி பறந்து பிற்பகல் 1.50க்கு பம்பாய் ஜூஹுவில் இறங்கினார்.

ஏழேகால் மணி நேரம். கராச்சியிலிருந்து அகமதாபாத் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர்; அங்கிருந்து பம்பாய் சுமார் 440. மணிக்கு 160 கிலோமீட்டர் வீதம் 1,040 கிலோமீட்டர் போக ஆறரை மணி; மீதி முக்கால் மணி மாட்டு வண்டிக்கும் பெட்ரோலுக்கும். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! அட்லசையும் அளவுகோலையும் வைத்து இதைப் போட்டபோது எங்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஜூஹுவில் வின்சென்ட் காத்திருந்தார். சென்னைத் தபாலை அவர் வாங்கிக்கொண்டு தென்கிழக்கே பறந்தார். வழியில் பெல்லாரி. இரவை அங்கே கழித்து மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பெல்லாரி ஏன்? அது வணிகத்தில் பம்பாய்க்கோ சென்னைக்கோ நிகரான ஊர் அல்லவே. அட்லசில் பம்பாயையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய பெல்லாரியை உரசிக்கொண்டு போகும். பம்பாயிலிருந்து அது 600 கிலோமீட்டரை ஒட்டி. சென்னைக்கு மீதி சுமார் 430. நேரே ஆயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டுமானால் தபால் பையை இறக்கிவிட்டுப் பெட்ரோலாகவே நிரப்ப வேண்டும். அப்போது பறப்பது எதற்கு? ஆகவே ஒரு தொட்டி பெட்ரோலின் நீளமே அந்நாளில் நாட்டின் விமானப் படத்தை வரைந்தது. பாதையில் எந்த ஊர் இடம் பெறும் என்பதை ஜிப்சி இயந்திரத்தின் பசிதான் தீர்மானித்தது எனலாம்.

இந்த விமானத்தில் ரேடியோ இல்லை. தரையிலிருந்து வழிகாட்ட ஒரு விளக்குக்கூட இல்லை. திசைகாட்டி, கடிகாரம், மடியில் ஒரு வரைபடம். கீழே தெரியும் ரயில் பாதையும் ஆறும் கடற்கரையும். மேகம் மூடினால் தாழப் பறக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையருகே தாழப் பறப்பது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூஹுவில் இறங்குமிடமே கடலோரச் சேற்று நிலம். ஓலை வேய்ந்த கொட்டகைதான் அலுவலகம். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் மொத்த வேலையையும் பூனாவுக்கு மாற்றுவார்கள். தரையில் நின்ற விமானத்தையே மழை துரத்தியது!

சென்னை மக்கள் வானூர்தியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1910லேயே மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் என்பவர் தாமே திட்டமிட்டு, சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானம் கட்டச் செய்து, தீவுத்திடலில் டிக்கெட் போட்டுப் பறந்து காட்டியிருக்கிறார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஓட்டல்காரருக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று வியக்கத் தோன்றுகிறது. அதற்கு முந்திய ஆண்டு பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகையே மயக்கியிருந்த நேரம் அது. ஆனால் டி ஆஞ்செலிஸின் விமானம் வேடிக்கை பார்க்க. வின்சென்டின் விமானம் வாராவாரம் வர. அதில்தான் வேறுபாடு.

இதுவரை சொன்னதைக் கேட்டால் புஸ் மாத் குறையே இல்லாத விமானம் என்று தோன்றும். அப்படி இல்லை. 1930 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு புஸ் மாத் பறந்துகொண்டிருக்கும்போதே சிதறி விழுந்தது. 1931 மே மாதம் தென்னாப்பிரிக்க மலைப் பகுதியில் இன்னொன்று. கிளென் கிட்ஸ்டன் என்ற புகழ்பெற்ற விமானியும் அவருடைய துணைவரும் இறந்தனர். 1932 ஜூலையில் இங்கிலாந்திலேயே மேலும் ஒன்று, அதில் மூவர். இப்படிச் சில ஆண்டுகளுக்குள் ஒன்பது விபத்துகள், அத்தனையிலும் உயிர்ச்சேதம். விமானிகள் தவறு செய்தார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தேர்ந்த விமானிகளும் அல்லவா இறந்திருக்கிறார்கள்? ஆங்கிலேய ஆராய்ச்சி நிலையங்கள் உடைந்த பாகங்களைச் சேகரித்து ஆராய்ந்தன. மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தன.

கண்டது இது. வேகமாகப் போகும்போது கொந்தளிக்கும் காற்று தாக்கினால் இறக்கை முறுக்கிக்கொண்டு, தாங்கு கம்பிகள் பொறுக்க முடியாத அளவுக்குச் சுமை ஏறியது. நனைந்த துணியை இரண்டு கையாலும் பிழிவதை நினைத்துக்கொண்டால் முறுக்கு என்பது விளங்கும். நேராகத் தொங்கும் எடையைத் தாங்கும் கம்பி, முறுக்கைத் தாங்க வேண்டும் என்பதில்லை. பரிகாரம் மிகச் சிறியது. இறக்கையைத் தாங்கும் முன்பக்கக் கம்பியின் நடுவிலிருந்து இறக்கையின் பின்பகுதிக்கு ஒரு துணைக் கம்பி. வால் பக்கத் திருப்புப் பலகை தானே படபடவென்று ஆடாதபடி அதற்கு ஓர் எதிர் எடை. இரண்டும் சேர்ந்து சில கிலோ இருக்குமோ என்னவோ! இந்தச் சிறு கம்பி தெரியாமல் போனதற்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியது காலத்தை. இங்கிலாந்தில் மூவர் இறந்தது 1932 ஜூலை. கராச்சியிலிருந்து முதல் தபால் கிளம்பியது அதே ஆண்டு அக்டோபர். மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. எந்த வகை விமானம் நடுவானில் உடைகிறது என்று நிபுணர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்களோ, அதே வகை விமானத்தில்தான் டாட்டாவும் வின்சென்டும் நம்மூர்க் கடிதங்களோடு ஏறினார்கள். வெயிலில் காய்ந்த தக்காணத்தின் மேல் பிற்பகல் காற்று எப்படிக் குலுக்கும் என்பது அங்கே பறந்தவர்களுக்குத் தெரியும். இந்த முதல் பயணத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதல் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பறந்த தூரம் 1,60,000 மைல், பயணிகள் 155 பேர், தபால் 10.71 டன், லாபம் 60,000 ரூபாய். வாரத்துக்கு ஒரு போக்கு, ஒரு வரவு என்று கொண்டால் ஒரு நடைக்குச் சராசரியாக 90 கிலோவுக்கு மேல் தபால். முதல் நாள் 25 கிலோ எங்கே, இது எங்கே! நேரம் தவறாமையில் நூற்றுக்கு நூறு என்று அரசின் விமானப் போக்குவரத்துத் துறையே பாராட்டியது. சேற்று நிலத்தையும் ஓலைக் கொட்டகையையும் வைத்துக்கொண்டு பெற்ற மதிப்பெண் இது.

மற்ற நாடுகளில் இந்த விமானத்தைச் சொந்தமாக வாங்கியவர்கள் வேறு சாகசங்களைச் செய்தார்கள். 1932 ஆகஸ்டில் ஜிம் மொல்லிசன் அயர்லாந்தின் கடற்கரை மணலிலிருந்து கிளம்பித் தனியாக அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அவ்வாறு கடந்த முதல் மனிதர் அவர். அதற்காக அறை முழுவதையும் பெட்ரோல் தொட்டியாக்கி 700 லிட்டருக்கு மேல் நிரப்பினார். தபாலுக்கும் பயணிக்கும் இடமே இல்லை. மேலே சொன்ன கணக்கின் மறு முனை இது.

அவருடைய மனைவி ஏமி ஜான்சன் அவரினும் கெட்டிக்காரர் என்று சொன்னால் தோழியர் மகிழ்வீர்கள். 1930லேயே ஜிப்சி மாத் ஒன்றில் தன்னந்தனியாக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தவர். வழியில் கராச்சி, ஜான்சி, கல்கத்தா எல்லாம் இறங்கினார். 1932 நவம்பரில் புஸ் மாத்தில் லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு 4 நாள் 6 மணி 54 நிமிடத்தில் சென்று, கணவர் வைத்திருந்த சாதனையையே முறியடித்தார்! பறப்பதோடு நிற்காமல் விமான மெக்கானிக் தேர்வும் எழுதி உரிமம் பெற்ற முதல் ஆங்கிலப் பெண்மணி அவர். பாலைவனத்தில் இறங்க நேர்ந்தால் பிளக்கைக் கழற்ற யாரைக் கூப்பிடுவது? தானே கழற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பிளக் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். 1930ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற பதினேழு வயதுப் பையன் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தான். எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் டாட்டா இறங்கியபோது, பிளக் பழுதாகி மாற்றுக்கு வழியின்றி ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தான். டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று, சில மணி நேர வித்தியாசத்தில்! அந்தப் பையன்தான் பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைவரானார்.

டாட்டா தபால் விமானங்களின் பிற்கால வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1946ல் ஏர் இந்தியா என்ற பெயர், 1953ல் அரசுடைமை, 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம். வின்சென்ட் இதில் எதையும் காணவில்லை. 1942ல் போர்க்காலத்தில் அவர் பயணம் செய்த விமானம் பிரான்ஸ் கடற்கரையருகே காணாமற்போயிற்று. சென்னைக்கு முதல் விமானத் தபாலைக் கொண்டுவந்த கை அவருடையது. ஆனால் சென்னையில் அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டாட்டா 1982 அக்டோபர் 15 அன்று, ஐம்பது ஆண்டு நிறைவில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே பாதையில் மறுபடி தனியாகப் பறந்தார். இம்முறை புஸ் மாத்தின் தம்பியாகிய லெபர்ட் மாத். வயது எழுபத்தெட்டு. நம் தாத்தாக்கள் அந்த வயதில் மின்சார ரயிலில் தனியாகப் போகவே வீட்டில் விடமாட்டோம்.

2021 அக்டோபர் 15 அன்று அதே பயணத்தை நினைவூட்டப் பறந்தவர் ஒரு பெண். மும்பையைச் சேர்ந்த ஆரோஹி பண்டிட். 2019ல் மிகச் சிறிய இலகு விமானத்தில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண் இவரே. கராச்சி இன்று வேறு நாட்டில் இருப்பதால் கட்ச் பகுதியிலுள்ள பூஜிலிருந்து கிளம்பினார். 1971 போரில் குண்டுவீச்சால் உடைந்த பூஜ் ஓடுதளத்தை, பக்கத்து மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் முந்நூறு பேர் மூன்றே நாளில் செப்பனிட்டுக் கொடுத்தார்கள் என்பது வரலாறு. டாட்டாவைப் போலவே ஆரோஹியும் திசைகாட்டும் மின்னணுக் கருவி எதையும் பயன்படுத்தாமல் அகமதாபாத் வழியாக ஜூஹுவில் வந்து இறங்கினார்.

அவருடைய விமானம் பிபிஸ்ட்ரெல் சைனஸ். இதிலும் ஒரே இயந்திரம். இதுவும் பிஸ்டன் இயந்திரம். சிலிண்டரும் அதே நான்கு. ஆனால் மொத்தக் கொள்ளளவு 1,211 கன சென்டிமீட்டர், ஜிப்சியில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. திறனோ 80 குதிரை! இது நிமிடத்துக்கு 5,800 சுற்றுவரை ஓடக்கூடியது. அப்படியானால் காற்றாடியின் நுனி ஒலியை மிஞ்சாதா என்று, மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் கேட்கலாம். இயந்திரத்துக்கும் காற்றாடிக்கும் நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அது சுழற்சியைப் பாதிக்கும் குறைவாக்கி, சுமார் 2,550ஆகக் கொடுக்கிறது. பெரும் பாரத்தைச் சுமந்து மெதுவாகச் சுழன்ற ஜிப்சிக்கு மாற்றாக, திருவொற்றியூர்ப் புல்லட் செய்கிற அதே வழியைத்தான் இது கைக்கொண்டிருக்கிறது. பூஜிலிருந்து ஜூஹு வரை ஆரோஹிக்குச் செலவான பெட்ரோல் 60 லிட்டருக்கும் குறைவு.